இருநூற்று நாலாம் நம்பர் பெட்டி

நல்லமுத்துவின் கைகள் ஒரு ஊறுகாய்ப் போத்தலைக் குலுக்கிக்கொண்டிருக்கின்றன. பிள்ளைக்குப் பால்மாவு கரைக்கிறவளின் வேகம்தான், அதற்கு மேல் இல்லை. போத்தலுக்குள் ஒரு பிடி தேனீயும் கொஞ்சம் ஐசிங் சீனியும் இருக்கின்றன. மூடி இருக்க வேண்டிய இடத்தில் கம்பி வலை. உள்ளே இருப்பவை கோபமாக இரைகின்றன.

"உள்ள போங்க, உள்ள போங்க. பின்னால எடம் இருக்கு," என்கிறார் அவர். தேனீயிடம் பேச அவருக்குத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான். முப்பது ஆண்டுகள் ஆயர் ஈத்தாமுக்கும் படகுத்துறைக்கும் இடையே பேருந்து ஓட்டியவர்.

போத்தலைக் கவிழ்த்து ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டின் மேல் உதறுகிறார். சீனி கொட்டுகிறது. அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறார். சீனி கரைந்ததும் தட்டில் செம்பழுப்புப் புள்ளிகள் மிஞ்சுகின்றன. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெறும் கண்ணைத் தட்டுக்கு ஒரு சாண் அருகில் கொண்டுபோகிறார். புள்ளிகளுக்குக் கால் முளைத்து அவை நடக்க ஆரம்பிக்கின்றன.

"டிக்கெட் எடுக்காம ஏறினவங்க. பாத்தீங்களா, எத்தன பேரு!"

உண்ணிகள்தாம். தேனீயின் வயிற்று மடிப்பில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறவை. இந்தப் பக்கத்துக் காட்டுத் தேனீக்கு இவற்றைக் கடித்து உதறத் தெரியும். நல்லமுத்து வளர்ப்பது வெளிநாட்டு இனம். நிறையத் தேன் வைக்கும், சாதுவாக இருக்கும், உண்ணியை உதறத்தான் தெரியாது.

போத்தலில் இருந்தவற்றைப் பெட்டி வாசலில் கொட்டிவிடுகிறார். குளிப்பாட்டிப் பவுடர் போட்ட குழந்தைகள் மாதிரி வெள்ளை வெளேரென்று அவை வரிசையாக வீட்டுக்குள் போகின்றன. வாசலில் நிற்கிற சகோதரிகள் அவற்றைப் பிடித்து நக்கிச் சுத்தம் செய்கின்றன. கடைசித் தேனீயும் உள்ளே போன பிறகு மூடியின் மேல் விரல் முட்டியால் இரண்டு தட்டு. அந்தக் காலத்தில் நடத்துனர்கள் பேருந்தின் பக்கவாட்டில் தட்டுவார்களே, புறப்படலாம் என்று, அதே தட்டு. பெட்டி எங்கும் புறப்படப்போவதில்லை. தட்டாமல் அவர் கீழே இறங்கியதும் இல்லை.

வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இடுப்பில் கொஞ்சம் பிடிப்பு, வலது கால் முட்டி லேசாக வீக்கம். பிரேக் மிதித்த கால். தேன் எடுக்கும்போது அவர் போடும் கவசம் பழைய சீருடைச் சட்டைதான், நீளக் கை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியது. தொப்பியிலிருந்து தொங்கும் வலை வீட்டு ஜன்னல் திரை. ஓய்வு பெற்ற பிறகு பேருந்தில் ஏறினால் இருக்கை காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். ஓட்டுனருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வளைவு வரும்போதெல்லாம் பிரேக் போடுவதுபோல் காலால் தரையை மிதிப்பார். ஒரு நாள் ஓட்டுனர் பையன் கேட்டுவிட்டான்: "அங்கிள், நீங்க ஓட்டுறீங்களா, நான் ஓட்டட்டுமா?" வீட்டுக்கு வந்து அதைத் தானே சொல்லிச் சிரித்தார்.

வீடு ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் அடுக்குமாடியில். தேனீ இருப்பது மேலே, மலைச்சரிவில், ஒரு சீனரின் ஜாதிக்காய்த் தோட்டத்தில். தேனீ வந்தபின் மரங்கள் நன்றாகக் காய்த்ததால் தோட்டக்காரர் வாடகை பேசவில்லை. மூன்று பெட்டிகள். மூன்றுக்கும் தான் ஓட்டிய தடங்களின் எண்களையே பெயராக வைத்தார். இருநூற்று ஒன்று, இருநூற்று மூன்று, இருநூற்று நாலு.

முதல் இரண்டும் இப்போது வெறும் பெட்டிகள். உண்ணிக்குப் போனவை.

இது எப்படிக் கொல்லும் என்று தெரிந்துகொள்வது நல்லது. உண்ணி வளர்ந்த தேனீயைக் கொன்றுவிடுவதில்லை. புழு இருக்கும் அறையை மெழுகால் மூடுவதற்குச் சற்று முன்னால் உள்ளே நுழைந்து ஒளிந்துகொள்ளும். கதவு சாத்தியதும் புழுவைத் தின்றபடி அங்கேயே முட்டையிட்டுப் பெருகும். அறையைத் திறந்து வெளியே வரும் தேனீக்கு இறக்கை ஈரத்தில் கசங்கிய காகிதம் மாதிரி இருக்கும். அது பறக்காது. தரையில் ஊர்ந்து, ஒரு புல்லில் ஏறி, விழுந்து, மறுபடி ஏறும். பிறக்கிறதெல்லாம் இப்படியென்றால் கிழங்கள் சாகச் சாகப் பெட்டி காலியாகும்.

முதல் வருடம் அவர் மருந்து தடவிய பட்டைகளை வாங்கிச் சட்டங்களுக்கு நடுவில் தொங்கவிட்டார். நன்றாகக் கேட்டது. அடுத்த வருடமும் அதே பட்டை. பாதிதான் கேட்டது. அதற்கடுத்த முறை உண்ணிகள் அதன் மேலேயே நடந்து போயின. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். மனுசனுக்கும் அதே கதைதான்.

அதற்குப் பிறகு அவர் பிடித்தது ஓமம்.

விவசாய இலாகாவின் வகுப்பு ஒன்றில், உண்ணி மருந்துகளில் ஒன்றின் சத்து ஓமத்திலும் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். சொன்னது நிஜம். ஆனால் சத்து இருப்பதும் மருந்து ஆவதும் ஒன்றல்ல. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு நேரம் ஆவி பறக்கிறது என்ற அளவு தெரியாமல் கொடுப்பது மருந்தில் சேராது, வாசனையில்தான் சேரும். நல்லமுத்து கேட்கவில்லை. "ஓமம் போதும்மா. பச்சப் புள்ளைக்கே குடுக்குறோம்," என்று மனைவி குமுதாவிடம் சொன்னார்.

குமுதா இடித்தாள். பழைய மெல்லிய வாயல் புடவையைக் கிழித்துச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத் தைத்தாள். வீடு முழுவதும் பிள்ளை பெற்ற வீட்டு வாசம். தேனீக்கள் அந்தப் பொட்டலங்களை வாசல்வரை இழுத்துவந்து போட்டுவிட்டு, நாள் முழுக்க இறக்கையால் விசிறிக்கொண்டிருந்தன. உண்ணி குறைந்தது, ஆனால் ஓயவில்லை. இருநூற்று ஒன்று போனது. பொட்டலத்தைப் பெரிதாக்கினார். இருநூற்று மூன்று போனது.

வேறு மருந்து அவருக்குத் தெரியும். வகுப்பில் அதைத்தான் முதலில் சொன்னார்கள். அவருக்குக் கைக்கெட்டும் மருந்துகளில் மெழுகு மூடியைத் தாண்டி உள்ளே போய் உண்ணியைப் பிடிப்பது அது ஒன்றுதான். எறும்பின் கடியில் இருக்கும் அமிலம். ரப்பர் பாலை உறைய வைக்கத் தோட்டங்களில் ஊற்றுவார்களே, மலாய்க்காரர்கள் சுக்கா கெத்தா என்பார்களே, ரப்பர் காடி, அதுவேதான்.

அதைத்தான் அவரால் வாங்க முடியவில்லை.

குமுதாவின் அக்காள் ருக்குமணி, கெடாவில் ஒரு தோட்டத்து வரிசை வீட்டில், அந்தக் காடிப் போத்தலால் போய்ச்சேர்ந்தவள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது குமுதா. பள்ளிக்கூடப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கியிருக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்குப் புளிப்பு வாடை ஆகாது. கல்யாணமாகி வந்த வீட்டில் இன்றுவரை சமையலுக்கு ஊற்றும் வினிகர்க் காடிகூட ஒரு சொட்டு இல்லை. அச்சாருக்கு எலுமிச்சை, மீன் கழுவ எலுமிச்சை. நல்லமுத்து ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. ரப்பர் ஷீட் கிடங்கு இருக்கும் சாலை வந்தால் மோட்டார் சைக்கிளை வேறு வழியில் திருப்பிவிடுவார். பின்னால் உட்கார்ந்திருப்பவள் "இது சுத்து ஆச்சே" என்று சொன்னதில்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஆகவே ஓமம்.

ஒரு மத்தியானம் நல்லமுத்து சோற்று டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார். குமுதா அதைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள். அவள் எப்போதும் ஒரு ஜாதிக்காய் மரத்தடியில் நின்று கூப்பிடுவாள், அதற்கு மேல் வரமாட்டாள். கொட்டுமென்று பயம். அன்றைக்குக் கூப்பிட வாயெடுத்தவள் செருப்புக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக் குனிந்தாள். ஒரு காய்ந்த இலையை நீட்டினாள். அது இலையில் ஏறிக்கொண்டது. இலையைத் தூக்கிப் பிடித்தபடியே, நல்லமுத்துவே திகைக்கும்படி, பெட்டி வரை நடந்து வந்துவிட்டாள்.

"என்னங்க இது? எறக்கையே இல்ல."

"இருக்கும்மா. சுருங்கிப் போச்சு. அறைக்குள்ள இருக்கும்போதே உண்ணி தின்னுடுச்சு."

"அப்ப நான் எதுக்கு ஓமம் இடிக்கிறேன்?"

நல்லமுத்து தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"கொஞ்சம் கேக்குது லா."

"கொஞ்சம்னா? ரெண்டு பெட்டி செத்துப்போச்சு, கொஞ்சமாம். பஸ்ஸுக்கு பாதி பிரேக் போதும்னு ஓட்டுனீங்களா?" இலையை ஒரு கல்லின் மேல் வைத்தாள். "வேற மருந்து, நல்ல ஒபாட் இல்லயா?"

"இருக்கு."

"என்ன ஒபாட்?"

அவர் பெட்டியைத் திறக்கும் இரும்புத் தகட்டில் இல்லாத மெழுகைச் சுரண்ட ஆரம்பித்தார். குமுதா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு காலியாகக் கிடந்த இரண்டு பெட்டிகளைப் பார்த்தாள்.

"சுக்காதானே?"

தகடு நின்றது.

"சொல்லாம இருந்தா எனக்குத் தெரியாதா? நீங்க வாய மூடுற விஷயம் ஊர்லயே அது ஒண்ணுதான்."

அவள் மரத்து வேரில் உட்கார்ந்து சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். கல்லின் மேல் இருந்த தேனீ இலையின் நுனிக்குப் போய், பறக்கப் பார்த்து, விழுந்தது. திரும்பவும் ஏற ஆரம்பித்தது.

"போத்தல் வந்து எங்கக்காவக் கூப்புடல," என்றாள் குமுதா. "மாமியா வீட்ல அவ பட்ட பாடு கூப்பிட்டுச்சு. கூட இருந்த எங்களுக்கு அது தெரியல. அதுக்கு இதுங்க என்ன பண்ணும்?"

"வேணாம்மா. நான் பாத்துக்கிறேன்."

"பாத்துப் பாத்துத்தானே ரெண்டு போச்சு. வாங்குங்க. ஆனா வீட்டுக்கு வரக் கூடாது."

"வராது. நேரா மேல. எக்ஸ்பிரஸ். நடுவுல எங்கயும் நிக்காது."

"ஊத்தும்போது நானும் வருவேன்."

"நீயா? அந்த வாட…"

"எங்க இருக்குன்னு தெரியாம இருந்தாத்தான் எனக்கு பயம்," என்றாள். "சாப்புடுங்க, ஆறிப்போச்சு."

சிம்பாங் அம்பாட்டில் தோட்டச் சாமான் கடை வைத்திருக்கும் காஜா மொய்தீன், நல்லமுத்துவின் பேருந்தில் பள்ளிக்கூடம் போனவர். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. தீவிலிருந்து கடற்பாலம் தாண்டி வந்து நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்து, "வாங்கண்ணே, எந்த எஸ்டேட்ட வாங்கிப் போட்டீங்க?" என்றார். ரப்பர் காடி எதற்கென்று தெரிந்ததும் காஜாவின் முகம் மாறியது. "பால தயிரா ஆக்குற சாமான்ணே இது. ஈ தாங்குமா?"

"அளவா குடுத்தா தாங்கும் தம்பி. வெயில்ல குடுத்தா ராணியே போயிடும்."

"அப்ப ராணி போயிட்டா?"

"டிரைவர் இல்லாத பஸ்," என்றார் நல்லமுத்து. அதற்கு மேல் அவர் வேடிக்கை பேசவில்லை. காஜா போத்தலை இரண்டு பைக்குள் போட்டு, வாளிக்குள் நிறுத்தி, வாளியை வண்டியில் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். நல்லமுத்து சொன்ன சொல்படி வீட்டுத் தெருவைத் தொடாமல் மலைக்குப் போனார்.

இந்தச் சீமையில் அந்த அமிலத்துக்கு எதிரி வெயில்தான். சூட்டில் குபீரென்று ஒரே மூச்சில் ஆவியாகிவிடும். உண்ணியோடு புழுவும் சாகும், ராணியும் சாகலாம். ஆகவே மழைக்காலம் வரும்வரை காத்திருந்தார்கள். ஒரு சாயங்காலம், மழை விட்டு மலை குளிர்ந்திருந்த நேரம், இருவரும் ஏறினார்கள்.

தேன் சட்டங்களை அவர் முன்பே எடுத்துவிட்டிருந்தார். மருந்து வைக்கும் பெட்டியில் தேன் இருக்கக் கூடாது. முழங்கை வரை கையுறை, கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, வடிகட்டி வைத்த முகமூடி. பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர். காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்றார். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். இதையெல்லாம் அவர் சத்தமாகச் சொல்லிச் சொல்லிச் செய்தார். தைரியமான ஆள் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் மருந்து கொடுக்கிறவர்களுக்குத் தைரியம் வேண்டியதில்லை, கவனம்தான் வேண்டும்.

குமுதா காற்றுக்கு மேற்பக்கம் நின்றாள். மூடியைத் திருகியபோது காற்று ஒரு கணம் திசை மாறி அவளிடம் போனது. முந்தானை மூக்குக்குப் போயிற்று. நல்லமுத்து பாதியில் நிறுத்தினார்.

"என்னைப் பாக்காதீங்க. கையப் பாருங்க."

இருட்டு வளைவுகளில் இரட்டைத் தட்டுப் பேருந்தை ஒடித்த கை. மணிக்கட்டை வாளியின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, அளந்து, பஞ்சு அட்டையில் ஊற்றினார். அட்டையைச் சட்டங்களுக்கு மேலே வைத்து, இடைவெளி விட்டு மூடினார். வாசலை அகலத் திறந்துவிட்டார். அன்றைக்கு மூடியைத் தட்டவில்லை.

உள்ளே இரைச்சல் ஏறியது. தேனீக்கள் கூட்டமாக வெளியே வந்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, பெட்டியின் முகத்தில் தாடி மாதிரி தொங்கின.

"எறங்கிப் போயிடுவாங்களா?" என்றாள் குமுதா.

"காத்து வாங்குறாங்க," என்றார். அவருக்கே அது நிச்சயமில்லை. போனால் இனி வளர்ப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துதான் வந்திருந்தார். அதை அவளிடம் சொல்லவில்லை.

மீதியை, ஒரு முறை கொடுத்தால் போதாதென்பதால், தோட்டத்துக் குடிசையிலிருந்த இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பேருந்தில் டயர் கழற்றும் சாமான் வைத்திருந்த பெட்டி அது. கீழே சந்தை முனையில் நிறுத்தி ஆளுக்கொரு தேத்தண்ணீர் குடித்தார்கள். குமுதா தன் கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தாள்.

மறுநாள் காலை, வெயில் மரத்தைத் தாண்டுவதற்கு முன்னால் போய்விட்டார்கள். தாடி இல்லை. வாசலுக்குக் கீழே கொஞ்சம் தேனீ செத்துக் கிடந்தது. குமுதா அதைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

நல்லமுத்து குந்தி உட்கார்ந்து, பெட்டிக்கு அடியில் செருகியிருந்த வெள்ளைத் தகட்டை மெதுவாக இழுத்தார். கேழ்வரகு மூட்டை பிரிந்து சிந்தினாற்போல் இருந்தது. எதற்கும் கால் அசையவில்லை. தகட்டை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"எல்லாம் அதுங்களா?"

"எல்லாம் அதுங்கதான். எறக்கிவிட்டாச்சு."

"ராணி?"

"இன்னைக்கு தொறக்கக் கூடாதும்மா. நோவு கண்ட வீடு."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். முழங்காலைத் தரையில் ஊன்றி, பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ராணி இல்லாத பெட்டி ஒரு மாதிரி முனகும். ஏறி இறங்கி, ஆளில்லாத வீட்டில் காற்று புகுந்த மாதிரி இருக்கும். இருநூற்று மூன்றில் அவர் அதைக் கேட்டிருக்கிறார். குமுதா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். ஒரு தேனீ, காலில் மஞ்சள் மகரந்தம் அப்பிக்கொண்டு, அவள் கையருகே பறந்து வந்து வாசலில் இறங்கி உள்ளே போனது. அவள் நகரவில்லை.

"ஏங்க, சொல்லுங்களேன்."

"ஒரே சீரா ஓடுது," என்றார், காதை எடுக்காமல். "என்ஜின்ல கோளாறு இல்ல. டிரைவர் சீட்ல ஆள் இருக்கு."

எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்கவில்லை. குமுதா கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அவர் மூடியைத் தட்டக் கையைத் தூக்கினார். என்ன நினைத்தாரோ, தட்டாமல் உள்ளங்கையை மட்டும் அதன் மேல் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்தார்.

"இன்னொரு தடவ வைக்கணும்," என்றார் அவளைப் பார்க்காமல். "மிச்சத்த காஜாகிட்டயே குடுத்துடவா? வேணும்போது போயி எடுத்துக்கலாம்."

குமுதா குடிசைக்குப் போனாள். இரும்புப் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். திரும்பி வந்து கையை நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அதில் வைத்தார். தாலிக்கொடியில் எப்போதும் தொங்கும் இரண்டு ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, சாவியைக் கோத்து, ஊக்கை அழுத்திப் பூட்டி, கொடியோடு ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.